நுவரெலியாவின் வாடைக்காலப் பறவைகள்

ஐப்பசி மழை நின்றும் நில்லாமலும் ஹட்டன் மலைச்சரிவுகளை நனைத்துக்கொண்டிருக்க, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் கொழுந்து நிரைகளில் இறங்கும் அந்த நாட்களிலேயே, காஷ்மீரத்துப் பீர்பஞ்சால் மலைக்காடுகளில் குஞ்சு பொரித்து வளர்த்த ஒரு சிறு பறவை, பாரத தேசத்தின் நீளம் முழுவதையும் கடந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து வந்து, நுவரெலியா நகரத்து மரங்களில் தங்குகிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று வழங்கும் அப்பறவையின் நீளம் 13 சென்டிமீட்டர். பனிக்காலம் கழிப்பதற்கு அது பெரும்பாலும் நாடுவன மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் இலங்கையின் மத்திய மலைநாடுமே. அதனைக் காணும் பொருட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி முதல் பங்குனி வரையில், தூரதேசங்களிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மனிதர்கள் தூரதர்சினிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையேறி வருகிறார்கள். இந்தப் பிரயாணங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு; அது மலைநாட்டுக் காடு அழிந்த சரித்திரத்தோடு பின்னிக் கிடப்பது. இங்குள்ள பறவைகளை முதலில் நூலில் ஏற்றியவர்களிற் பலர், அப்பறவைகளின் காட்டை வெட்டிய அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இலங்கையிற் பிறந்தவரும் இராணுவ வைத்தியருமாகிய எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட், நுவரெலியாவில் பணியாற்றிய காலத்தில் மலையின் உயிரினங்களைச் சேகரித்து ஆராய்ந்து, 1852இல் இலங்கையின் விலங்கினங்களைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டார். மலைக்காட்டுப் புறாவின் சாஸ்திரீயப் பெயரில் அக்காலத்துத் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் பட்டப் பெயர் நிலைத்துவிட்டதும் அவர் காலத்திலேதான். அடுத்து வந்தவர் ஊவாப் பகுதியில் கோப்பித் தோட்டம் நடத்திய சாமுவேல் பிளை என்னும் துரை. நீரோடைகளின் இருண்ட கரைகளில் மட்டுமே உலவி, மனிதச் சாயை விழுந்தவுடன் மறைந்துவிடும் கருநீலப் பூங்குருவியை 1868இல் கண்டறிந்தவர் அவரே. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை ஆராய வந்த ஹோல்ட்ஸ்வர்த் என்னும் அறிஞர் 1872இல் அதனை விவரித்து, பிளையின் பெயரையே அதற்குச் சூட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலில், பிளை போன்ற தோட்டத் துரைமார் எழுதியனுப்பிய செய்திகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டார். அக்காலத்தில் ஒரு பறவையைக் கண்டதற்கு அத்தாட்சி அதன் சடலம். துப்பாக்கியாற் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்துச் சீட்டுக் கட்டினாலன்றி எவரும் நம்பமாட்டார்கள். அவர்களுடைய உழைப்பையும் கூர்ந்த பார்வையையும் நான் மனமார மதிக்கிறேன். ஆனால் பிளை பூங்குருவியைக் கண்ட அந்த வருஷங்களிலேயே மலைக்காடு ஏக்கர் ஏக்கராகக் கோடரிக்கு இரையாகிக் கொண்டிருந்தது என்பதையும் உடன்சேர்த்து நினையாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கோடரியைப் பிடித்த கைகள் நம்முடையவை. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து, கங்காணியின் பின்னே கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரையில் காட்டுப்பாதையில் நடந்து வந்த ஜனங்கள், கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே வழக்கமாக இருந்தது. வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில வருஷங்களிற் கெடுத்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோது, கொழுந்து வருஷம் முழுவதும் துளிர்ப்பது ஆகையால், வந்துபோன ஜனங்கள் லயங்களில் நிலைத்துத் தங்க நேர்ந்தது. துரைமாருக்காகக் காடு திறந்து பாதை வெட்டிய இவர்களுள் ஒருவர் பெயரும் மலைநாட்டின் எந்தப் பறவைக்கும் சூட்டப்படவில்லை.

காடு முழுவதும் போகாமல் எஞ்சியதற்கு ஒரு காரணம், 1873இல் கியூ தாவரத் தோட்டத்தின் அதிபர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனை. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று அவர் சொன்னதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு உத்தரவு பிறப்பித்தது. ஹோட்டன் சமவெளி அதனால் தப்பியது. ஆறுகளின் ஊற்றுக்கண்கள் வற்றிவிடுமே என்ற அச்சமே அந்த உத்தரவின் வேர் எனினும், பிளையின் பூங்குருவி இன்றும் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சமவெளிக்குப் போகும் வழியில் உள்ள அரெங்காக் குளம் என்னும் சிறு நீர்நிலையண்டை, பொழுது புலர்வதற்கு முன்பே போய், கைகால் விறைக்கும் குளிரில் அசையாமல் நின்றால், மங்கலான வெளிச்சத்தில் ஒரு கரிய உருவம் கரையோரத்து வேரிலிருந்து வேருக்குத் தாவுவதையும், அதன் தோளிலே நீலம் ஒருகணம் பளிச்சிடுவதையும் காணலாம். வெயில் ஏறிய பிறகு வருபவருக்கு அங்கே தண்ணீர் மட்டுமே தரிசனம்.

ரயில்பாதை 1884இல் ஹட்டனையும் மறுவருஷம் நானுஓயாவையும் எட்டியது. அதன்பின் நுவரெலியாவின் குளிரை அனுபவிக்க வருவோர் தொகை பெருகிற்று. 1897இல், விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபதாண்டு நிறைந்ததைக் கொண்டாடும் பொருட்டு, ஹக்கலைத் தாவரத் தோட்டத்தின் ஆராய்ச்சி நிலமாக இருந்த 27 ஏக்கர் பூங்காவுக்கு அவர் பெயர் இடப்பட்டது. வேட்டைக்காரத் துரைமார் 1894இல் நிறுவிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம், காலப்போக்கில் காட்டுயிர் காக்கும் சங்கமாக வளர்ந்தது. பறவைகளுக்கென்றே தனிக் கழகம் ஒன்று 1943இல் உண்டாயிற்று. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்ட நிர்வாகியின் மகனாக 1891இல் பிறந்த ஜோர்ஜ் மொறிசன் ஹென்றி, கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியல் உத்தியோகம் பார்த்தவர்; அவர் தம் கையாற் சித்திரம் வரைந்து எழுதிய பறவை வழிகாட்டி 1955இல் வெளிவந்தது. அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பறவையையும் கொல்லாமல் இன்னதென்று துணிய, சாதாரண மனிதராலும் முடிந்தது. இத்துறையில் நிகழ்ந்த பெரும் மாறுதல் இதுவே என்பேன்.

இன்று பனிக்காலத்துப் பறவை நாடி வருவோருக்கு விக்டோரியாப் பூங்காவே முதல் ஸ்தலம். புல்தரையும் பூப்பாத்திகளும் அவர்களுக்குப் பொருட்டல்ல. பூங்காவின் ஓரமாக, நகரத்துக் கழிவையும் சுமந்துகொண்டு ஓடும் ஓடைக்கரைப் புதரையே சுற்றிச்சுற்றி வருவார்கள். இமயத்தில் கூடுகட்டும் கருப்பு வெள்ளைப் பூங்குருவி அங்கே சருகுக்குள் அலகை நுழைத்து, ஒவ்வோர் இலையாகப் புரட்டி, புழுவைத் தேடும். ஆணின் உடல் கருமை, கண்ணுக்கு மேலே அகன்ற வெண்புருவம், அலகு மஞ்சள். காலையிலும் மாலையிலும் தவறாது குரல் கொடுப்பதால் நம்மவர் ஆறுமணிக்குருவி என்றழைக்கும் பறவையும் அதே புதர்களுக்கு வரும். காஷ்மீர் ஈப்பிடிப்பானோ தாழ்ந்த கிளையில் அமர்ந்து, வாலை மேல்நோக்கி வெடுக்கென்று உயர்த்தி, பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பும். ஆணின் தொண்டையும் மார்பும் செம்பழுப்பு, அதைச் சுற்றிலும் கருங்கோடு. இந்த இனம் அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் இருப்பது. பூங்காவின் பெரும்பாலான மரங்களும் பிறதேசத்திலிருந்து கொண்டுவந்து நட்டவையே. 29 ஹெக்டேர் பரப்புள்ள கால்வேஸ் காடும் நகரை ஒட்டியே இருக்கிறது. இத்தகைய துண்டு நிலங்களை நம்பித்தான் இமயத்துப் பறவை தெற்கே வருகிறது; அந்த ஓடையைச் சுத்தமாக வைத்திருப்பது நகரத்தின் கடமை, அதைக் கேட்கும் உரிமை நம்முடையது.

ஹட்டனிலோ இவ்வளவு பெரிய பெயர் பெற்ற ஸ்தலம் இல்லை. மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாத யாத்திரைக்காக ரயிலிறங்கும் ஜனத்திரளின் நடுவே பறவைக்காரரை எவரும் கவனிப்பதில்லை. ஆனால் லயத்துப் பீலிக்கரையில் துணி அலசும் ஒவ்வொருத்தியும் ஒரு வாடைப் பறவையை அறிவாள். மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகும் கொண்ட வாலாட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் வந்து, சோப்பு நுரை ஓடும் கல்லின் மேல் நின்று, நீண்ட வாலை ஓயாமல் ஆட்டி, கிழங்குத் தோலைச் சுற்றும் ஈயைப் பிடித்துத் தின்று, சித்திரை பிறக்கும்போது காணாமற்போகும். எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகள் கேட்டால், வடக்கே பனிமலையிலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆசிரியர் தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

பிளையின் பூங்குருவிக்குப் பிறகு நூற்றாண்டுக்கும் மேலாக இலங்கையில் புதிய பறவை இனம் எதுவும் கண்டறியப்படவில்லை. 1995இல், ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பாதையிலுள்ள கித்துல்கலைக் காட்டில், தீபால் வரக்காகொட என்னும் இலங்கையர் இரவிலே ஒரு புதிய குரலைக் கேட்டார். குரலுக்குரிய ஆந்தையை அவர் கண்ணால் பார்த்தது 2001ஆம் ஆண்டு தை மாதத்தில். 2004இல் அது சாஸ்திரீயமாகப் பெயர் பெற்றது.