வாய் தவறியது, விரல் தவறவில்லை

பாரிசவாதம் ஒருவருடைய கையையும் காலையும் முடக்குவதை நாம் கண்டிருக்கிறோம். சிலருக்கு அது மொழியையும் முடக்கிவிடுகிறது. நோயாளர் விழித்திருப்பார், சூழ இருப்போரை அறிவார், ஆயினும் வேண்டிய சொல் வாய்க்கு வாராது. புத்தி பேதலித்துவிட்டதென வீட்டார் முடிவு கட்டுவதும் உண்டு. அம்முடிவு தவறென்பது 160 ஆண்டுகளுக்கு முன்னரே தெரியவந்தது.

1861ஆம் ஆண்டு, பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெலோங் என்னும் 84 வயது முதியவரை, புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் ஆராய்ந்தார். மூளைத் தாக்கத்தின்பின் அம்முதியவரிடம் எஞ்சியவை ஐந்தே சொற்கள்: ஆம், இல்லை, மூன்று, எப்போதும், குறையாக ஒலித்த தம் பெயர். எண்ணைப் பற்றிய எக்கேள்விக்கும் 'மூன்று' என்பதே விடை. பிள்ளைகள் எத்தனை பேர் என வினவியபோதும் வாய் மூன்று என்றது. கையோ நான்கு விரல்களை உயர்த்திற்று. நான்கே சரியான விடை. சொல் தவறியது, அறிவு தவறவில்லை.

இடப்பக்க மூளையின் முன்பகுதி சிதைந்திருந்ததைப் புரோக்கா பின்னர் கண்டார். 1864இல் துரூசோ என்னும் மருத்துவர் இந்நோய்க்கு 'அபேசியா' என்று பெயரிட்டார். பேச்சு தடையின்றி ஓடினும் பொருள் சிதைந்து, பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளுதலும் குன்றும் வேறொரு வகையை 1874இல் வெர்னிக்கே விளக்கினார். ஆகவே, நோயாளர் எல்லோரும் ஒரே நிலையினர் அல்லர்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த வத்தேகம போன்ற ஊர்களில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசுவோர் பலர். இத்தகையோர் நோயுற்றால் எம்மொழி முதலில் மீளும்? மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீள்வதுண்டு என 1895இல் பித்ர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். இரு மொழிகளும் ஒருசேர மீள்வதே பெரும்பான்மை எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும், ஒரு மொழியில் மட்டும் வினவிவிட்டு, 'இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று எழுதிவிடுதல் தகாது.

இதே கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருக்கையில், 1984ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவரைச் சிறுநீரக நோயும் பக்கவாதமும் தாக்கின. அமெரிக்க நாட்டு மருத்துவமனையில் இருந்தவாறே டிசம்பர் தேர்தலில் வென்றார். பேச்சுத் திறன் பெரிதும் குன்றிய நிலையிலும் 1985 பெப்ரவரியில் மீண்டும் பதவியேற்று, 1987 டிசம்பரில் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் சொல்ல வருவதை அறியக் காத்திருந்தோர் பலர். வத்தேகமத் தோட்டத்து லயத்தில் படுத்திருக்கும் முதியவருக்கும் அவ்வாறு காத்திருப்போர் வேண்டாமா?

அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அவர் முகத்தெதிரே அமருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே, சிறு வாக்கியத்தில் கேளுங்கள். தேநீரா, தண்ணீரா எனப் பொருளையே காட்டுங்கள். தலையசைப்பும் விரலும் படமும் விடையாகட்டும். பேசமுடியாதவர் சிலர் பழகிய பாட்டைப் பாடுவர், அதையும் பயன்படுத்துங்கள். களனிப் பல்கலைக்கழகம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுவித்து வருகிறது; அத்தகையோரின் உதவியை நாடுங்கள். அனைத்துக்கும் மேலாக, அவர் இருக்கையிலேயே அவரை இல்லாதவராகக் கருதி அவரைப்பற்றிப் பேசாதிருங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.