ஜனாதிபதி கேட்காத கேள்வி

ரத்தக் கொதிப்பு என்று இந்த வியாதிக்கு நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டால் கோபக்காரர்களுக்கு வருகிற நோய்போல் தோன்றும். உண்மையில் எதுவும் கொதிப்பதில்லை. பெரும்பாலோருக்கு வலியும் கிடையாது. கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து அளந்தால்தான் தெரியும். அளந்து தெரிந்தால் மட்டும் போதுமா? அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதையைப் பாருங்கள்.

1935இல் அவருடைய ரத்த அழுத்தம் 136/78. 1937இல் 162/98. 1941இல் 188/105. எண்கள் ஏறிக்கொண்டே போயின. அவருடைய டாக்டர் அட்மிரல் மக்கின்டயர் பதறவில்லை. அவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். ஆனாலும் அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. வயதானால் அழுத்தம் ஏறத்தான் வேண்டும், அதைக் குறைக்கப் போனால்தான் ஆபத்து என்று பேர்பெற்ற இருதய வைத்தியர்களே அன்று நம்பினார்கள்.

1944 மார்ச்சில் மகள் அன்னாவின் வற்புறுத்தலால் பெதஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில் புரூயன் என்ற இளம் இருதய நிபுணர் ஜனாதிபதியைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இருதயம் பருத்துத் தளர்ந்திருந்தது. டிஜிட்டாலிஸ் மருந்து, உப்புக் குறைவு, சிகரெட் குறைவு, ஓய்வு. அன்றைய வைத்தியத்தில் கைவசம் இருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். உலக யுத்தத்தை நடத்துகிறவருக்கு ஓய்வு!

நோயாளியிடம் எதையும் சொல்லக்கூடாது என்று புரூயனுக்கு உத்தரவு. அதைவிட விசித்திரம், நோயாளியும் கேட்கவில்லை. அடிக்கடி கையை நீட்டினார், மாத்திரைகளை விழுங்கினார், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கதை எழுதுகிறவன். இந்த மௌனம்தான் என்னை உறுத்துகிறது. அறியாமை என்று என்னால் நம்ப முடியவில்லை. 1921இல் கால்கள் செயலிழந்ததிலிருந்து, அந்த ஊனம் ஜனங்களின் கண்ணில் படாமலே பார்த்துக்கொண்டவர் அவர். பதில் தெரிந்தவனும் கேள்வி கேட்கமாட்டான் அல்லவா?

அதே ஆண்டு நவம்பரில் நாலாம் முறையாக ஜெயித்தார். 1945 பிப்ரவரியில் யால்டா மகாநாட்டுக்குப் போய்வந்தார். ஏப்ரல் 12ஆம் தேதி, ஜார்ஜியாவில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், தம்மைச் சித்திரம் தீட்டுகிற அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், பின்தலை பயங்கரமாக வலிக்கிறது என்றார், சாய்ந்துவிட்டார். புரூயன் ஓடிவந்து அளந்தபோது 300ஐத் தாண்டியிருந்தது. அன்று பிற்பகலே முடிந்துவிட்டது. வயது 63.

எதிர்பாராமல் வந்த இடி என்றார் அட்மிரல். ஆஸ்பத்திரி ரிக்கார்டுகள் எப்படியோ காணாமற்போயின. இந்த எண்களெல்லாம் நமக்குத் தெரிந்தது 1970இல் புரூயன் எழுதிய கட்டுரையால்தான்.

வைத்தியர்களின் நம்பிக்கை கலைந்ததற்கு ஒரு முக்கிய காரணம், மாஸசூஸெட்ஸில் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆராய்ச்சி. 5,209 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்ததில், அழுத்தம் ஏற ஏறப் பக்கவாதமும் மாரடைப்பும் பெருகுவது கண்டார்கள். இன்று ஆஸ்பத்திரியில் 140/90ஐத் தொட்டாலே பல வைத்தியர்கள் உயர் அழுத்தம் என்கிறார்கள்.

இன்னொன்று. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைக்கிறதென்று சென், போஸ் என்ற இரு இந்திய வைத்தியர்கள் 1931லேயே எழுதிவைத்தார்கள். மேல்நாட்டார் அதைக் கவனித்தது, பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் எழுதிய பிறகுதான். ரூஸ்வெல்ட் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.