பாலாற்றுக் கரையில் ஒரு பையனின் வயது

நான் சொல்வது வேலூர்ப் பாலாறு அல்ல. மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ் ஒரு செக்போஸ்ட்டில் நிற்குமே, அந்தப் பாலாறு. மலையிலிருந்து இறங்கிக் காவிரியில் சேர்கிற சின்ன ஆறு. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். மேட்டூர் கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்த எனக்கு இரண்டு கரையிலும் கட்சிக்காரர்கள் உண்டு. கேஸ் எதுவானாலும், பிடிபட்டவன் பையன் என்றால் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இவனுக்கு என்ன வயது?

அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் நூறு வருஷக் கதை இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை, அந்தக் கரையில் இருக்கிற கொள்ளேகால் தாலுகாவும் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதாவது சென்னை மாகாணம். இந்தியாவிலேயே முதன்முதலில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் அதுதான், 1920-ல். வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும்தான் பின்னால் வந்தன. 14 வயதுக்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்றது அந்தச் சட்டம். பெரிய கைதிகளோடு சேர்க்காதே, தனியாக விசாரி என்பது அதன் சாரம். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தாலுகா மைசூர்ப் பக்கம் போனது.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வர 1986 ஆயிற்று. அதே வருஷம் ஷீலா பார்ஸே வழக்கில், குழந்தைகளைச் சிறையில் வைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. புதிய சட்டத்தில் பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று வயதை வகுத்தார்கள். ஆக, 17 வயதுப் பையன் அன்றைக்குப் பெரியவன்.

1993 ஏப்ரல் 9. பாலாற்றுக்கு அருகே சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள், வனக்காவலர்கள், பெரும்பாலானவர்கள் போலீசுக்குத் துப்புச் சொல்லவும் வழிகாட்டவும் போன ஊர்க்காரர்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் போலீஸ் ஆள் பிடிக்காத ஊர் இல்லை. கொள்ளேகால் அன்று மைசூர் மாவட்டத்தில் இருந்ததால் வழக்கு, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவுக்கென்று இருந்த மைசூர் நீதிமன்றத்துக்குப் போனது. 2001-ல் தீர்ப்பு வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலை. அதற்குள் பலருக்கு எட்டு வருஷம் உள்ளேயே போய்விட்டது.

தடாவில் எஸ்.பி. முன்னால் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். ஜாமீன் குதிரைக்கொம்பு. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் நானே மேல் என்று சொல்லிக்கொண்டது அது. சிறார் சட்டமோ ஜாமீன் கொடு என்றது. இரண்டும் மோதுகிற இடத்தில் நிற்கிற பையனுக்கு யார் வயது கேட்பார்கள்? வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மாதேஸ்வரன் மலைமேல் வைத்திருந்த முகாமுக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஒர்க்‌ஷாப்’. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் சட்டவிரோதக் காவல், கரண்ட் ஷாக் என்று மக்கள் சொன்னார்கள். 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது ஆணையம். முகாம் என்பது போலீஸ் ஸ்டேஷன் அல்ல. ஸ்டேஷனில் ஜெனரல் டைரி இருக்கும், எத்தனை மணிக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதியாக வேண்டும். பதிவே இல்லாத இடத்தில் கைதான தேதி கிடையாது. தேதி இல்லாவிட்டால் அன்றைய வயதும் கிடையாது.

பாலாற்றுக் கண்ணிவெடிக்குப் பத்து மாதம் முன்னால், 1992 ஜூன் 20-ல், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் அரூருக்கு அருகே வாச்சாத்தி கிராமத்தில் நடத்திய அத்துமீறலை எல்லாரும் அறிவார்கள். சேலம் சிறைக்குப் போன 133 பேரில் 90 பெண்கள், 28 குழந்தைகள். சந்தனக்கட்டை வழக்கில் குழந்தைகளுக்கு ஜெயில்! 2011 செப்டம்பர் 29-ல் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2000-ஆம் ஆண்டுச் சட்டம் பையனுக்கும் பெண்ணுக்கும் 18 என்று ஒரே கோடு போட்டது. கொஞ்ச நாளில் அதற்குச் சோதனை வந்தது. 2002-ல் ஊத்தங்கரைப் பக்கம், தடாவைப் போன்ற இன்னொரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதானவர்களில் சிறார்களும் இருந்தார்கள். பொடா பெரிதா, சிறார் சட்டம் பெரிதா என்ற கேள்விக்குச் சிறார் சட்டமே பெரிது என்றது சென்னை உயர் நீதிமன்றம். தடாக் காலத்தில் எங்களுக்கு இல்லாத பதில் அது.

இன்றைக்கு நடப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு கூடாது. யூனிஃபார்ம் போடாத அலுவலர் பேச வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

அத்தனையும் வயதைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. ஒரு தாய் என்னிடம் வந்தார். “எம் பையன் டேமு நெறஞ்சு வழிஞ்ச வருசம் பொறந்தவன் சார்” என்றார். எந்த வருஷம் வழிந்தது என்று கேட்டால், கூட வந்த சித்தப்பா ஒன்று சொன்னார், பாட்டி இன்னொன்று சொன்னார். நடுவில் மூன்று வருஷம். பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தேடிப் போனோம். ஜூன் 1 என்றிருந்தது. மேலும் கீழும் இருந்த பெயர்களுக்கும் அதே ஜூன்தான்! சேர்க்கிற அன்று ஐந்து முடிந்தது என்று காட்ட வாத்தியார் போட்டுக் கொடுத்த பிறந்தநாள். ஆனால் சட்டம் முதலில் கேட்பது பள்ளி தரும் பிறந்ததேதிச் சான்றை அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். அடுத்தது ஊராட்சி அல்லது நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை; எக்ஸ்ரேயில் வருவதோ ஒரு வீச்சு, தேதி அல்ல. வாத்தியார் போட்ட ஜூன் 1 அந்தப் பையனைப் பெரியவர்கள் கோர்ட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

வயது நிரூபித்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் இல்லை. 2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடினான் என்று தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுப் பையன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டான், ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பையனைக் கூட்டிப் போன நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளியின் பிறந்ததேதிச் சான்று நகலைக் கையோடு கொண்டு போங்கள். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அவனையும் போட விடாதீர்கள். தீர்ப்பு வந்த பிறகும்கூட ‘அன்று நான் சிறுவன்’ என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதல் நாளே சொன்னால் அத்தனை வருஷம் மிச்சம்.