வண்டிக்கு யார் சாட்சி?

2014 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஒரு மோட்டார்சைக்கிள் ஏலத்துக்கு வந்தது. டேங்கில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் கோடுகளும். முன்சக்கரம் வண்டியை விட்டுட்டு ஓடப்பார்க்கிற மாதிரி முன்னால் நீண்டு நிற்கும். முன்பக்கம் மட்கார்டும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஏலம் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் வந்து நின்றது. 1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய 'கேப்டன் அமெரிக்கா' இதுதான் என்று சொல்லித்தான் அந்த விலை.

அந்த வண்டியின் பூர்வீகம் என்ன? லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ஓட்டித் தேய்த்து, கழித்துக்கட்டிய ஹார்லி டேவிட்சன். போலீஸ் ஏலத்தில் ஐந்நூறு டாலர் சுமாருக்கு எடுக்கப்பட்டது என்கிறார்கள். ஐந்நூறுக்கும் பதின்மூன்றரை லட்சத்துக்கும் இடையில் யாரோ சிலபேர் ரம்பம் பிடித்து அறுத்திருக்கிறார்கள். பத்தவைத்திருக்கிறார்கள். ராவித் தேய்த்து குரோம் பூசியிருக்கிறார்கள். அவர்கள் யார்? ஏலக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு விலை இல்லை. நமக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். மோட்டார்சைக்கிள் பற்றி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று கேட்கலாம். எங்க மாமா மெக்கானிக். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆயுதப்படை மைதானத்தில் ஏலம் விட்ட பழைய போலீஸ் புல்லட் ஒன்றை எடுத்துவந்தார். பாதி வண்டிதான் இருந்தது. மீதியைக் காயலான் கடை காயலான் கடையாக அலைந்து சேர்த்தார். டேங்கை அவரே தகரம் வெட்டித் தட்டினார். ஹேண்டில்பாரை அவரே வளைத்தார். எட்டு மாசம். பிறகு ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் போகிற இடமெல்லாம் "நானே ரசிச்சுக் கட்டின வண்டி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமாவிடம் போய் நான் குதித்தேன். "காசு குடுத்துட்டாருல்ல, வுடுடா" என்றார். அந்த ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருந்தது, சேசிஸ் எண் இருந்தது, ஓனர் பெயர் இருந்தது. கட்டினவன் பெயரை எழுத ஒரு கோடுகூட அதில் போடப்படவில்லை.

கல்லூரி விடுதியில் பக்கத்து அறைச் சுவரில் 'கேப்டன் அமெரிக்கா' படம் ஒட்டியிருந்தது. சேகுவேரா படத்துக்குப் பக்கத்தில். விடுதலையின் அடையாளம் என்றார்கள். நானும் நம்பினேன். அந்த வண்டியைக் கட்டியவர்கள் கறுப்பர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு மேலும் சில வருஷம் பிடித்தது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயர் எடுத்துக்கொண்டதைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்த எனக்கே இந்த நிலைமை.

முதலில் சாப்பர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வெட்டப்பட்ட வண்டி, அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் கனமான வண்டிகளை எடுத்து, முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் குட்டையாக நறுக்கி, எடை குறைத்து ஓட்டினார்கள். புது வண்டி வாங்க வக்கில்லாதவன் பழசை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, தன் உடம்புக்கும் மனசுக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அது தனிக்கலையாகவே வளர்ந்தது.

அந்தக் கலையில் கறுப்பர்கள் எங்கே இருந்தார்கள்? அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் 1924இல் தொடங்கப்பட்டது. 1950கள் வரை அதில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் உறுப்பினர் அட்டை. கோயிலுக்குள் விடாதவன் தேரோட்டத்தில் மட்டும் கூப்பிடுவானா? கறுப்பர்கள் தங்களுக்கென்று தனிக் குழுக்கள் கட்டினார்கள். 1959இல் ஓக்லாந்தில் 'ஈஸ்ட் பே டிராகன்ஸ்' என்ற குழு உருவானது, முழுக்கக் கறுப்பர்கள், முழுக்க ஹார்லி. அதே 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'சோஸன் ஃப்யூ'. கறுப்பர்கள் தொடங்கிய அந்தக் குழு சீக்கிரமே வெள்ளையரையும் சேர்த்துக்கொண்டது. யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஃப்ளோரன்ஸ் அவென்யூவில் பென் ஹார்டி பட்டறை வைத்திருந்தார். கறுப்பர். அக்கம்பக்கத்துப் பையன்கள் அவர் பட்டறையில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் சாப்பர் என்றால் ஹார்டி. வட்டாரத்தைத் தாண்டினால் அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

1965 ஆகஸ்ட் 11 அன்று அந்தத் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில்தான் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார்சைக்கிளில் துரத்திவந்து ஒரு கறுப்பு இளைஞரின் காரை நிறுத்தினார். கூட்டம் கூடியது, கைகலப்பானது, வாட்ஸ் பகுதி எரிந்தது. 34 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கறுப்பர்கள். ஆக அந்தத் தெருக்களில் போலீஸ் மோட்டார்சைக்கிள் என்பது வெறும் வாகனம் இல்லை. துரத்தி வருகிற சத்தம். இரண்டு வருஷம் கழித்து அப்படிப்பட்ட போலீஸ் வண்டிகளைத்தான் ஒரு கறுப்பு மெக்கானிக் தன் பட்டறைக்குள் நிறுத்தி ரம்பத்தால் அறுத்தார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, மலிவாகக் கிடைத்தது அதுதான். இருந்தாலும் எனக்கு இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

அந்த வேலையை ஹார்டியிடம் கொண்டுவந்தவர் கிளிஃப் வாஸ். இவரும் கறுப்பர், 1937இல் பிறந்தவர். வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவில் களப்பணியாளர், புகைப்படக்காரர். 1964இல் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் டானி லயன் எடுத்த ஒரு படம் உண்டு. தேசியக் காவல்படைச் சிப்பாய்கள் ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள், தோழர்கள் மறுபக்கம் விடாமல் பிடித்திருக்கிறார்கள். நடுவில் கிழிபடுவதுபோல் கிடக்கிறவர் வாஸ். இயக்க வரலாற்றுப் புத்தகங்களில் அந்தப் படத்தைப் பார்த்த பலருக்கு அவர்தான் இவர் என்று தெரியாது. தன் சாப்பரைத் தெற்கு மாநிலங்களின் சாலைகளிலேயே ஓட்டிப்போனதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெள்ளை நிலக்காரன் எவனாவது சாலையைவிட்டுத் தள்ளுவானா, சுடுவானா என்ற பயத்தோடுதான் ஓட்டினாராம். ஒரு கறுப்பன் இப்படியும் போகமுடியும் என்று அங்கிருந்த சனங்களுக்குக் காட்டவே ஓட்டினாராம்.

வாஸ் வானொலிச் செய்தியாளராக இருந்தபோது ஃபோண்டா பழக்கமானார். அந்தப் பழக்கத்தில்தான் படத்துக்கு வண்டி செய்கிற பொறுப்பு அவரிடம் வந்தது. இரண்டு 'கேப்டன் அமெரிக்கா', டென்னிஸ் ஹாப்பர் ஓட்ட இரண்டு 'பில்லி' வண்டி, மொத்தம் நான்கு. வாஸ் வடிவம் சொல்ல, ஹார்டி பட்டறையில் கட்டினார்கள். லாரி மார்கஸ் என்ற வெள்ளை மெக்கானிக்கும் கூட வேலை பார்த்தார். அவர் பெயரையும் சொல்லியாக வேண்டும். மறைப்பதைப் பற்றி எழுதுகிறவன் தானே ஒரு உழைப்பாளியை மறைக்கக்கூடாது.

இந்த வேலை லேசுப்பட்டதில்லை. முன் ஃபோர்க்கை நீட்டினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும். தூக்காமல் இருக்க, ஹேண்டில் சுழலுகிற கழுத்தை அறுத்துப் பின்னுக்குச் சாய்த்து மறுபடி பத்தவைக்க வேண்டும். சாய்வு கூடிப்போனால் மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காமல் ஒரு பக்கம் விழும். பத்தவைப்பு சரியில்லை என்றால் வேகத்தில் கழுத்து முறியும், ஓட்டுகிறவனும் போய்ச் சேருவான். இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. கண்ணும் கையும் போடுகிற கணக்கு. இரும்பு எப்போது இளகும் என்று தெரிந்தவனுக்கு மட்டும் வருகிற கணக்கு. இதைத்தான் படித்தவர்கள் 'சும்மா மெக்கானிக் வேலை' என்பார்கள்.

சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்த படம் கோடிகளைக் குவித்தது. கான் திரைப்பட விழாவில் முதல் பட இயக்குநருக்கான பரிசை ஹாப்பர் வாங்கினார். வாஸ், படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வெளியேற்றப்பட்டார். திரையில் அவர் பெயரும் இல்லை, ஹார்டி பெயரும் இல்லை. வண்டியைத் தானே வடிவமைத்ததாக ஃபோண்டா சொல்லிவந்தார். இவர்கள் இருவரின் பெயரையும் அவர் சொன்னது வெகுகாலம் கழித்து.

படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சுதந்திரத்தைத் தேடி இரண்டு வெள்ளைக்காரர்கள் போகிறார்கள். வண்டி ஓட்டுகிற கறுப்பர் ஒருவர்கூட இல்லை. தெற்கே போகும்போது சாலையோரக் குடிசைகளும் கறுப்பு முகங்களும் காட்சியாகக் கடந்துபோகின்றன, நம்ம சேரி சினிமாவில் கடந்துபோகிற மாதிரி. கடைசியில் தெற்கத்திச் சாலை ஒன்றில் டிரக்கில் வருகிற வெள்ளையர்கள் இருவரையும் சுட்டுக் கொல்கிறார்கள். பார்வையாளர்கள் அழுதார்கள். அந்தச் சாலையில் அந்தத் துப்பாக்கிக்கு நிஜமாகவே பயந்து வண்டி ஓட்டியவர் வாஸ். வண்டியை மட்டுமா எடுத்துக்கொண்டார்கள்? அந்தப் பயத்தையும் எடுத்து வெள்ளைத் தோலுக்குப் போர்த்திவிட்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

இனி விற்பனைக் கதை. நான்கில் மூன்று வண்டிகள் படம் வெளியாகும் முன்பே திருட்டுப்போயின. உதிரிபாகமாகக் கழற்றி விற்றிருப்பார்கள் என்பதுதான் பொதுவான பேச்சு. மிஞ்சியது கடைசிக் காட்சியில் நொறுங்கிய 'கேப்டன் அமெரிக்கா'. அதன் மிச்சசொச்சத்தை டான் ஹாகர்ட்டி என்ற நடிகர் எடுத்துப்போய்ப் பழுதுபார்த்தார் என்பது சொல்லப்படும் கதை. படப்பிடிப்பில் வண்டிகளைக் கவனித்துக்கொண்டவர் அவர். 2014இல் ஏலத்துக்கு வந்த வண்டி அதுதான் என்றார்கள்.

இங்கே ஒரு தொழில் சமாச்சாரம் இருக்கிறது. 1970க்கு முந்தைய ஹார்லி வண்டிகளில் சேசிஸில் அடையாள எண் கிடையாது. எஞ்சினில் அடித்த எண்தான் வண்டிக்கு எண். அதாவது கம்பெனி செய்த எஞ்சினுக்குக் காகிதம் உண்டு. ஹார்டி அறுத்துச் சாய்த்த கழுத்துக்கு, நீட்டிய ஃபோர்க்குக்கு, எதற்காக அந்த வண்டியை உலகம் பார்க்கிறதோ அதற்கு, காகிதம் கிடையாது. அப்புறம் எதை வைத்து விற்பது? வாய்ச்சாட்சியை வைத்துத்தான். இன்னார் பார்த்தார், இன்னார் கையெழுத்துப் போட்டார், ஆகவே இது அசல்.

சாட்சி ஹாகர்ட்டி. அதிலும் வில்லங்கம் வந்தது. டெக்சாஸில் வேறொருவர் 1996இல் 63,500 டாலருக்கு ஒரு 'கேப்டன் அமெரிக்கா'வை வாங்கி வைத்திருந்தார். அதற்கும் ஹாகர்ட்டிதான் சான்று கொடுத்திருந்தார். 2014 ஏல நேரத்தில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது டெக்சாஸ் வண்டி அசல் இல்லை என்றார். டெக்சாஸ்காரரோ என்னுடையதுதான் அசல் என்றார். ஒரு கணவாய்க்கு இரண்டு தலை. இதைப் பற்றிச் செய்தித்தாள்களில் பத்தி பத்தியாக வந்தது.

அந்த நேரத்தில் கிளிஃப் வாஸ் உயிரோடு இருந்தார்.

வருஷக்கணக்காகக் கரீபியக் கடலில் பாய்மரப் படகில் வாழ்ந்தவர். 2006இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பேசியிருந்தார். 2014இல் பால் டோர்லியன்ஸ் சாப்பர் வரலாறு பற்றி எழுதிய புத்தகத்தில் அவருக்கும் ஹார்டிக்கும் உரிய இடம் கிடைத்தது. வானொலியிலும் பேசினார். தேடினால் கிடைக்காத ஆள் இல்லை. ஆனாலும் எது அசல் என்ற சண்டை, வண்டியைப் பழுதுபார்த்தவரின் சொல்லையும் வைத்திருந்தவர்களின் சொல்லையும் சுற்றியே நடந்தது. கட்டியவர்களின் சொல் அதற்கு வெளியே இருந்தது.

இதை எங்க மாமாவிடம் சொன்னேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. "நீ கட்டின புல்லட்ட இப்ப எங்கயாவது பாத்தா கண்டுபுடிப்பியா மாமா?" என்று கேட்டேன்.

"பாக்க எதுக்கு? டேங்குக்கு அடியில கைய வுட்டுத் தடவுனா போதும். ஒரு எடத்துல மடிப்பு லேசா கோணிப்போச்சு. நிமுத்த மனசில்லாம அப்படியே வுட்டேன். அது எனக்குத்தான் தெரியும்."

ஹார்டியின் கைக்கும் அப்படி ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். அவர் 1994இல் இறந்துபோனார். 2016 ஜனவரியில் ஹாகர்ட்டி இறந்தார். அதே வருஷம் ஜூலையில் வாஸ் இறந்தார். டெக்சாஸ் வண்டி 2021இல் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது.