நடைமேடைக்கு மேலே: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழித்தடமும் நிலையக் கூரைகளின் வரலாறும்

இரயில் நிலையக் கட்டடக்கலையின் வரலாறு பெரும்பாலும் பெருநகர முனையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் தமிழ்நாட்டில் பெருவாரியான மக்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி வண்டிக்குக் காத்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற இடைநிலையங்களில்தான். எந்தக் காலத்தில் எந்தப் பொருள் மலிவாகக் கிடைத்தது, எந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது, பயணியின் வசதிக்கு இரயில்வே எவ்வளவு செலவிட முன்வந்தது ஆகிய மூன்றையும் இத்தகைய நிலையங்களின் எளிய கூரைகளே தெளிவாகக் காட்டுகின்றன.

நிலையக் கூரை இரும்பின் குழந்தை. கல் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுவிசையைத் தாங்காது என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் மண்டபங்களில் காண்பதுபோல, கற்பலகைக் கூரைக்குத் தூண்களை நெருக்கமாக நிறுத்தியே ஆக வேண்டும். இருப்புப் பாதைக்கோ இடையில் தூணற்ற அகலமும், நீராவி எஞ்சினின் புகை மேலெழுந்து வெளியேறும் உயரமும் தேவைப்பட்டன. இரும்புக் கம்பிகள் இழுவிசையை ஏற்க, முக்கோணச் சட்டங்களை இணைத்து அமைக்கும் கூரைச் சட்டகம் இத்தேவையை நிறைவு செய்தது. லண்டனில் 1837இல் திறக்கப்பட்ட யூஸ்டன் நிலையத்தில் சார்லஸ் ஃபாக்ஸ் அமைத்த இரும்புக் கூரை இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்று. 1868இல் திறக்கப்பட்ட செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் வில்லியம் ஹென்றி பார்லோ ஏறத்தாழ 73 மீட்டர் அகலத்தை நடுத்தூண் ஏதுமின்றி ஒரே வளைவால் மூடியது இரும்புக் கூரையின் உச்சங்களுள் ஒன்று. 1829இல் ஹென்றி ராபின்சன் பால்மர் காப்புரிமை பெற்ற நெளிதகடும், 1830களில் பரவிய துத்தநாகப் பூச்சும் சேர்ந்து, மெல்லிய தகரமே கூரையாகும் நிலையை உருவாக்கின.

சென்னை மாகாணத்தில் 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தில் வண்டிகள் நிற்கும் பகுதியையே மூடும் உயர்ந்த உலோகக் கூரை எழுந்தது. தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் தலைவாயிலாக விளங்கிய அந்நிலையத்துக்குச் செய்த செலவை, அதே நிறுவனத்தின் மீட்டர் பாதையில் வரிசையாக அமைந்த சிறு நிலையங்களுக்குச் செய்ய இயலவில்லை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு 1903இலும், கொல்லத்துக்கு 1904இலும் பாதை முழுமை பெற்ற பின்னரும், திருவிதாங்கூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டி திருநெல்வேலியைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசி பாதை இச்சுற்றைக் குறைத்ததுடன், தீப்பெட்டித் தொழில் வளரத் தொடங்கியிருந்த சிவகாசியையும், கோயில் நகரான ஸ்ரீவில்லிபுத்தூரையும், பருத்திக்குப் பேர்போன இராஜபாளையத்தையும் ஒரே வடத்தில் கோத்தது.

இத்தகைய நிலையங்களில் இரண்டு கூரைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, பயணச்சீட்டு அறையையும் நிலைய அதிகாரியின் அறையையும் மூடும் கட்டடக் கூரை. மாகாணம் முழுவதும் அரசுக் கட்டடங்களுக்குப் பயன்பட்ட 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் தளமுறையே நிலையக் கட்டடங்கள் பலவற்றுக்கும் பயன்பட்டது. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் வரிசை வரிசையாகப் பதித்து, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுக்கி, இறுதியில் தட்டோடு பதிப்பார்கள். இம்முறைக்கு இரும்பும் சிமெண்டும் வேண்டியதில்லை. கொத்தனாரின் கைத்திறனும் பொறுமையும் போதும். மாற்றாக அமைந்தது சீமை ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய இந்த ஓடு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் விளிம்புகளால் மழையைத் தடுத்தது. இடுக்குகள் வழியே வெப்பக் காற்றை வெளியேற்றவும் செய்தது.

இரண்டாவது, நடைமேடைக் கூரை. எழும்பூரில் கூரை வண்டியையும் மூடியது. சிறு நிலையத்தில் அது பயணியை மட்டுமே மூடியது. தேய்ந்து கழித்த தண்டவாளங்களையே தூணாக நட்டு, வளைத்துக் கைகளாக்கி, மேலே நெளிதகரம் வேய்வது இந்திய இரயில்வேக்களில் பரவலாக இருந்த சிக்கன வழக்கம். பழைய நிலையங்களில் இத்தகைய தூணைக் கூர்ந்து நோக்கினால், தண்டவாளத்தின் நடுப்பட்டையில் உருக்காலையின் பெயரும் தயாரித்த ஆண்டும் புடைப்பெழுத்தில் நிற்பதைக் காணலாம். கூரையின் விளிம்பில் பல்வரிசைபோல் வெட்டித் தொங்கவிட்ட மரப்பலகை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சாய்வாக அடிக்கும் மழையையும் தாழ்ந்த வெயிலையும் ஓரளவு தடுப்பதும் அதன் பணி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் ஆண்டின் பெரும்பகுதி கூரை தடுக்க வேண்டியது வெயிலையே. நண்பகலில் தகரம் வெப்பத்தைக் கீழே இறக்கிவிடும் என்பது அதன் பெருங்குறை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கல்நார் இழையும் சிமெண்டும் கலந்த ஆஸ்பெஸ்டாஸ் அட்டை நாடெங்கும் நடைமேடைகளில் பரவியதற்கு, அது துருப்பிடிக்காததும் மலிவானதும் காரணங்கள். இராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் கொண்ட, 1965இல் பதிவான ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் இத்தகைய கூரை அட்டைகளைத் தயாரித்த நிறுவனங்களுள் ஒன்று என்பதால், கூரையின் தொழில் வரலாற்றிலும் இவ்வூருக்கு இடமுண்டு. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்ற அறிவு பரவிய பின், வண்ணப் பூச்சிட்ட எஃகுத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் அட்டையின் இடத்தைப் பிடித்தது.

1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாறிய பணி இத்தடத்தில் 2004 வாக்கில் நிறைவுற்றது. வண்டியின் அகலமும் உயரமும் கூடியதால் நடைமேடையை உயர்த்தவும், கூரையின் விளிம்பைத் தள்ளி அமைக்கவும் வேண்டியதாயிற்று. பின்னர் வந்த மின்மயமாக்கம், 25,000 வோல்ட் மின்கம்பிக்குப் பாதுகாப்பான இடைவெளியைக் கட்டாயமாக்கியது. கூரையின் வடிவத்தை ஒரு காலத்தில் புகை தீர்மானித்தது. இப்போது மின்சாரம் தீர்மானிக்கிறது.

அம்ரித் பாரத் திட்டத்தில் மதுரைக் கோட்டத்தில் மேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 15 நிலையங்களுள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அடங்கும். புதிய முகப்பைவிட, வண்டியின் முதற்பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நிழல் தரும் கூரையே இவ்வூர்களின் பயணிகளுக்கு முதல் தேவை. அக்கூரையும் வெப்பத்தை இறக்காத அடுக்குடன் அமைய வேண்டும். இத்தகைய நிலையங்களில் பழைய பகுதிகளை அகற்றுமுன் அளவு வரைபடமும் ஒளிப்படமும் எடுத்து வைப்பதும், ஆண்டு பொறித்த தண்டவாளத் தூண் எஞ்சியிருந்தால் ஒன்றையேனும் அதே இடத்தில் நிறுத்திக் காப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. இரயில்வேயும் உள்ளூர்க் கல்லூரிகளும் கைகோத்து இதைச் செய்ய வேண்டும்.