மூன்று நாள் மாத்திரை பிறந்த கதை

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு மெடிக்கல் ஷாப்பில் அவசர கருத்தடை மாத்திரை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "இல்லை" என்பதுதான் பதில். சில கடைகளில் பதிலோடு ஒரு பார்வையும் சேர்ந்து வரும். இத்தனைக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-இல் நாடு முழுவதற்கும் அனுமதி தரப்பட்ட மாத்திரை இது. வேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சித்தூர். அங்கே ஆந்திராவில் இது சாதாரணமாக விற்பனையாகும் சரக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால், இந்த மாத்திரை எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமியிடமிருந்து தொடங்குகிறது கதை. 1960களின் நடுவில் நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்குக் கரு தங்கிவிடக்கூடாது என்ற பதைப்பில் மருத்துவர் கால்நடை வைத்தியத்திலிருந்து ஒரு வழியை எடுத்துக்கொண்டார். தவறான ஜோடி சேர்ந்துவிட்ட குதிரைக்கும் நாய்க்கும் சினை பிடிக்காமலிருக்க ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோனைக் கொடுக்கும் வழக்கம் அங்கே வெகு காலமாக இருந்தது. அதையே அந்தப் பிள்ளைக்கும் அதிக அளவில் கொடுத்தார். மருத்துவ வரலாற்றில் பதிவான முதல் அவசர கருத்தடை அதுதான். இன்று இந்த மாத்திரையை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகப் பேசுகிறவர்கள் இந்தத் தொடக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்லீன் மோரிஸும் கெர்ட்ரூட் வான் வாகனனும் குரங்குகளிடம் சோதித்துவிட்டுப் பெண்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1966-இல் வெளியானது. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜெனை ஐந்து நாள் விழுங்க வேண்டும். பலன் இருந்தது, ஆனால் குமட்டலும் வாந்தியும் பெண்களைப் படுக்கையில் தள்ளின. பிறகு 1971-இல் ஓர் அதிர்ச்சி. கருச்சிதைவைத் தடுப்பதற்காக இதே மருந்தைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாய்மாரின் மகள்களுக்கு, இளம் வயதிலேயே பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்றுநோய் வருவதை பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இந்த மாத்திரை மீது இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் பயத்தில் ஒரு பங்கு அந்தப் பழைய மருந்துக்குச் சேர வேண்டியது. கடையில் இன்று கிடைக்கும் மாத்திரையில் அந்த மருந்து துளியும் கிடையாது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் கனடாவின் ஆல்பர்ட் யுஸ்பே. ஏற்கெனவே கடையில் இருந்த கருத்தடை மாத்திரையையே இரண்டும், 12 மணி நேரம் கழித்து மேலும் இரண்டுமாகக் கொடுத்தார். 1970களில் அவர் வெளியிட்ட இந்த முறை ஏறக்குறைய கால் நூற்றாண்டு உலகை ஆண்டது. ஆனால் அதிலும் ஈஸ்ட்ரோஜென் இருந்தது. எனவே வாந்தியும் இருந்தது.

ஈஸ்ட்ரோஜெனை அடியோடு எடுத்துவிட்டு, கூடவே இருந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு ஹார்மோனை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை ஹங்கேரியில் வந்தது. புடாபெஸ்டின் கெடியோன் ரிக்டர் நிறுவனம் 1970களின் கடைசியில் 0.75 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலை 'போஸ்டினார்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஆனால் எது மேல் என்று பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்க்க உலகம் இன்னும் இருபது ஆண்டு எடுத்துக்கொண்டது.

அந்த ஒப்பீடுதான் இந்தக் கதையின் நடு முற்றம். உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் சுமார் 2,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1998-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. யுஸ்பே முறையில் 979 பேரில் 31 பேர் கருவுற்றார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிட்ட 976 பேரில் 11 பேர்தான். முந்தைய முறையில் ஐந்தில் ஒருவர் போல வாந்தி எடுத்தார்கள். புதியதில் நூற்றுக்கு ஆறு பேர் கூட இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது நேரக் கணக்கு. உறவுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடம், தங்கியிருக்கக்கூடிய கருக்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டன. இரண்டாம் நாளில் அது 85 ஆனது. மூன்றாம் நாளில் 58. பின்னால் வந்த ஆய்வுகள் இவ்வளவு தாராளமான எண்களைத் தரவில்லை. ஆனாலும் சீக்கிரம் சாப்பிடுவதுதான் நல்லது என்பதில் மாற்றமில்லை. 2002-இல் மற்றொரு ஆய்வு, இரண்டு வேளையாகப் பிரிக்காமல் 1.5 மில்லிகிராமை ஒரே முறையில் விழுங்கலாம் என்று காட்டியது. ஒற்றை மாத்திரை பிறந்தது அப்படித்தான்.

உடம்புக்குள் அது செய்வது எளிமையான வேலை. சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைச் சில நாள் தள்ளிப்போடுகிறது. அதற்குள் விந்தணுக்கள் உயிரிழந்துவிடுகின்றன. முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் பலன் கிட்டத்தட்ட இல்லை. நேரம் இவ்வளவு பெரிய விஷயமாவது இதனால்தான். கரு தங்கியபின் சாப்பிட்டால் அது கலையாது. குழந்தைக்குக் கேடும் வராது. கருக்கலைப்பு மாத்திரை வேறு மருந்து. அதற்குச் சட்டமும் மருத்துவர் மேற்பார்வையும் தனியாக உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால் நம் ஊரில் எத்தனையோ பேர் தேவையில்லாத குற்ற உணர்ச்சியைச் சுமக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் நிலை தெளிவானது: எந்த வயதுப் பெண்ணும் சாப்பிடலாம், பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். குமட்டல், தலைவலி, அசதி, மார்பில் வலி, கொஞ்சம் உதிரப்போக்கு வரலாம். ஓரிரு நாளில் சரியாகும். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பச் சாப்பிட வேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடிக்கடி சாப்பிட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்பது வெறும் பேச்சு. ஆனால் தினசரி கருத்தடைக்கு இது ஈடாகாது. பால்வினை நோயையும் தடுக்காது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும் வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் சாப்பிடுகிறவர்களுக்கும் இதன் வீரியம் குறையும். உடல் பருமன் அதிகமுள்ளவர்களுக்கும் குறையலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களுக்கு இன்னொரு வழி, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி. உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் பொருத்தினால், நூற்றுக்கு ஒருவருக்குக்கூட கரு தங்குவதில்லை. எந்த மாத்திரையையும் விட அது உறுதியானது.

இந்தியாவுக்கு இந்த மாத்திரை வந்தது 2000களின் தொடக்கத்தில். 2001-இல் டெல்லி எய்ம்ஸில் கூடிய மருத்துவர்கள் இதை நாட்டுக்குக் கொண்டுவருவது பற்றிக் கருத்தொற்றுமை கண்டார்கள். அடுத்து தேசியக் குடும்பநலத் திட்டத்திலும் சேர்ந்தது. 2005-இல் சீட்டு தேவையில்லை என்று ஆனது. 2007-இல் சிப்லா 'ஐ-பில்' என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தபோதுதான் சாமானிய வீடுகளுக்கு இதன் பெயரே தெரிந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதுதான். பண்பாடு கெடும், இளம்பெண்கள் தவறு செய்வார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கெடுபிடிக்கு அஞ்சிக் கடைகள் ஒவ்வொன்றாக அலமாரியைக் காலி செய்தன. தடை என்று எதுவும் இல்லை என அதிகாரிகள் பின்னாளில் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். மாத்திரை திரும்பி வரவில்லை.

எழுதப்படாத இந்தத் தடை யார் தலையில் விழுகிறது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழில் வட்டாரத்தில் ஷூ தைக்கும் பெண்களையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஷூ கம்பெனிகளில் தையலிலும் ஒட்டுவதிலும் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். சனி இரவு ஆணுறை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு புறநோயாளிப் பிரிவு கிடையாது. திங்கள் காலை பஸ் வந்துவிடும். லீவு போட்டால் கூலி போகும், காரணமும் சொல்ல வேண்டும். செவ்வாய் அரைநாள் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையம் போய்ச் சேர்வதற்குள் 95 என்பது 58 ஆகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் அது இருந்திருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கே முடிந்திருக்கும் வேலை. அவள் கல்யாணமானவளா, ஆகாதவளா என்பது இதில் எந்தக் கணக்கையும் மாற்றாது. ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்றவளுக்கும் இதே மூன்று நாள், அதாவது 72 மணி நேரம்தான்.

இந்த மண்ணில் பெண்ணுக்கான மருத்துவத்துக்கு நீண்ட மரபு உண்டு. பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவத்தில் தாய்மார் சாவதைக் கண்ட ஐடா ஸ்கடர், 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த ஊரைச் சுற்றியுள்ள கடைகளில் பெண் கேட்கும் ஒரு மாத்திரை இல்லாமலிருப்பது எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கிறது.

சட்டம் ஏற்கெனவே அவள் பக்கம்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். அந்தச் சிகிச்சையில் அவசர கருத்தடையும் அடங்கும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது. மற்றவர்களுக்குத் தேவைப்படுவது, தடை இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கையாக எழுதி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர் மருந்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்புவது. அதை இந்த ஆண்டே செய்யுங்கள்.