மணலும் சட்டாம்பிள்ளையும்

1816ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் பினாங்குத் தீவில் இலவசப் பள்ளி திறக்கப்பெற்றது. ஆங்கிலத் திருச்சபைக் குரு ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் நிறுவிய அப்பள்ளியைச் சார்ந்து தமிழ் வகுப்பு ஒன்றும் தோன்றியது. அவ்வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாறு அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் அதன் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பெற்றது. ஆண்டுகளை எண்ணி மகிழும் வேளையில் ஒரு வினா மட்டும் கேட்கப்படாமலே போகிறது. அக்காலத் தமிழ்ச் சிறுவன் தன் முதல் எழுத்தை எவ்வாறு கற்றான்?

அவன் அதனை விரலால் கற்றான். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் ஏடும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் மணலே ஏடாயிற்று, சுட்டுவிரலே எழுத்தாணியாயிற்று. அண்ணாவி பிள்ளையின் கையைப் பற்றி முதலெழுத்தை மணலில் வரைவிப்பார். பிள்ளை அதன்மேல் மீண்டும் மீண்டும் எழுதி, வாயால் ஒலித்து, கையால் அழித்துப் புதிதாய்த் தொடங்குவான். பிழை நேர்ந்தால் அதற்குச் சான்று எதுவும் எஞ்சாது. ஒரே திண்ணையில் அரிச்சுவடி தொடங்கியவனும் எண்சுவடி முடித்தவனும் அருகருகே அமர்ந்திருந்தனர். ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகளோ பல நிலையினர். ஆகவே முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்க்குப் பாடஞ் சொன்னான். 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியில் பயணஞ் செய்த இத்தாலியரான பியத்ரோ தெல்லா வல்லே, சிறுவர் சிலர் ஒன்றுகூடி இசையோடு சொல்லித் தரையில் பரப்பிய மணலில் எழுதிக் கணக்குக் கற்றதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். இம்முறை தென்னாட்டில் பரவலாக வழங்கியது என்பதற்கு அஃது ஒரு சான்று.

இம்முறையைத் தமிழர் பெரிதாக எண்ணவில்லை. அதனைக் கண்டு வியந்தவர் ஸ்காட்லாந்து நாட்டினரான ஆண்ட்ரூ பெல். அவர் 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை மேற்பார்த்து வந்தார். ஒருநாள் குதிரைமீது செல்லும்போது ‘மலபார்’ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். தமிழரை அக்கால ஆங்கிலேயர் அப்பெயராலேயே குறித்தனர். பெல் இல்லத்துக்குத் திரும்பி அம்முறையைக் கையாளச் சொன்னபோது ஆசிரியர் இணங்கவில்லை. அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடமே தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாதென்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். 1797ஆம் ஆண்டில் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலால் இது ‘சென்னை முறை’ எனப் புகழ்பெற்றது. 1811ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் இம்முறையை நாடெங்கும் பரப்பியது.

ஆனால் கடல் கடந்த முறை அதன் உயிரோடு கடந்ததா என்பது ஐயமே. இங்கிலாந்தில் அஃது ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் அடக்கி நடத்தும் கருவியாயிற்று. பிள்ளைகள் அறிவளவால் பகுக்கப்பட்டு வரிசையில் அமர்த்தப்பட்டனர். திண்ணைப் பள்ளியும் குறையற்றதன்று. பொருள் விளங்கா மனப்பாடமும் கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகளும் அங்கிருந்தன. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறவே இல்லை. ஆகவே பழமையை அப்படியே மீட்பது நோக்கமாகாது. அதில் எது நெல், எது பதர் என்று புடைத்தெடுப்பதே வரலாறு கற்பதன் பயன்.

அவ்வாறு புடைத்தெடுக்கத் துணைபுரிபவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலிய மருத்துவரான அவர் தம் கற்பித்தற் கருவிகளை முதலில் அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகவே கையாண்டார். 1907ஆம் ஆண்டில் உரோம் நகரில் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தபோது அக்கருவிகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியனவாக்கினார். அவற்றுள் ஒன்று சொரசொரப்பான மணற்றாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. பிள்ளை அதனை விரலால் தடவி அறியும். 1939ஆம் ஆண்டில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் பள்ளியை நடத்தினார். மூத்த பிள்ளை இளையதற்குக் கற்பிப்பதால் இருவரும் வளர்வர் என்பது அவர் கொள்கை. மணலில் எழுதிய விரலும் சட்டாம்பிள்ளையும் தோன்றிய மண்ணிற்கே அக்கருத்துகள் வேற்றுப்பெயரோடு வந்து சேர்ந்தன.

பினாங்குப் பாலர் வகுப்புக்கு இவ்வரலாறு எவ்வாறு பொருந்தும்? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையுள் சேர்த்தது. 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பாலர் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றிலும் பாலர் வகுப்புகள் உண்டு. அத்தகைய வகுப்பில் கதைநூல் படிக்கும் பிள்ளையும், பென்சிலைப் பற்றத் தெரியாத பிள்ளையும், வீட்டில் தமிழே கேளாத பிள்ளையும், பேச்சுத் தாமதமான பிள்ளையும் ஒரே பாயில் அமரக்கூடும். இவர்கள் அனைவரிடமும் ஒரே பயிற்சித் தாளை ஒரே வேளையில் நீட்டினால் ஒருவன் சலிப்படைவான், மற்றொருவன் அஞ்சுவான். அஞ்சிய பிள்ளை வெறுக்கத் தொடங்குவது தாளை அன்று, தமிழை.

கைகளுக்கு வேலை தரும் பாடத்தில் இவ்விடர் குறைகிறது. ஒரு தட்டு மணலில் ஒரு பிள்ளை கோடிழுக்கலாம். மற்றொரு பிள்ளை ‘அ’ எழுதலாம். வேறொரு பிள்ளை ‘அம்மா’ என்று எழுதலாம். புளியங்கொட்டைகளை ஒருவன் நிறத்தால் பிரிப்பான். ஒருவன் பத்துப் பத்தாய்க் குவிப்பான். பல்லாங்குழி ஆடத் தெரிந்தவன் அடுத்த குழிக்கு எத்தனை வேண்டுமென மனத்துள் கணக்கிடுவான். புள்ளி வைத்துக் கோலமிடும்போது எண்ணும் வடிவும் ஒன்றாய் வருகின்றன. களிமண்ணில் எழுத்துருட்டும் பிள்ளைக்கு விரல் வலிவு பெறுகிறது. அதன்பின் பென்சில் தானே வசப்படும். பொருள் ஒன்று, பணி பலவாதலின் எவனும் பின்தங்கியவன் என்று வரிசையில் பிரித்து அமர்த்தப்படுவதில்லை.

ஆயினும் ஒரு காவல் வேண்டும். சட்டாம்பிள்ளை ஆசிரியருக்கு ஓய்வளிக்கும் ஏவலன் அல்லன். எப்போதும் ஒரே பிள்ளை கற்பிப்பவனாகவும் மற்றவன் கேட்பவனாகவும் இருந்தால் பழைய பிரிவினையே புதுவடிவில் மீளும். எழுத்தில் முந்தியவன் களிமண்ணில் பிந்தியிருப்பான். பேசத் தயங்குபவள் கோலத்தில் முதல்வியாக விளங்குவாள். யார் எதில் வல்லர் எனக் கண்டு பொறுப்பை மாற்றி மாற்றித் தருவதே ஆசிரியரின் கலை. அதற்கு அவர் பேசுவதைக் குறைத்துப் பார்ப்பதைப் பெருக்க வேண்டும்.

பினாங்கில் தமிழ் வகுப்புத் தோன்றி இருநூறு ஆண்டு கடந்துவிட்டது. அடுத்த தலைமுறையில் அவ்வகுப்பு நிலைக்குமா என்பது பாலர் வகுப்பிற்கு முதல்நாள் வரும் பிள்ளை மறுநாளும் மகிழ்வோடு வருவதைப் பொறுத்தது. அதற்கு வேண்டிய பொருள் விலை மிகுந்ததன்று. கடற்கரை மணலும் புளியங்கொட்டையும் போதும்; அருகமர்ந்து பொறுமையோடு பார்க்கும் ஆசிரியர் ஒருவரும் வேண்டும்.